கண் திறக்க ஒருவர்

ஜூன் 3

இங்கே தங்கி வேலை செய்வதற்கான பாஸ் நேற்றோடு முடிந்தது. காலையில் எழுந்து பார்த்தேன், கைகால் எல்லாம் நேற்று இருந்த மாதிரியேதான் இருந்தன. சிமெண்டும் அதே பதத்தில்தான் குழைந்தது.

கலியமூர்த்தி அண்ணன் பல் துலக்கிக்கொண்டே, "தம்பி, இன்னையிலேர்ந்து நாம திருட்டு ஆளுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வாயிலிருந்த நுரை சட்டையில் விழுந்தது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சின்ன ஊர் இது. மாரியம்மன் கோயில் ராஜகோபுரத்துக்குச் சுதைவேலை செய்ய வந்தோம். பெரிய ஸ்தபதி போன மாதமே மற்ற ஆட்களை அழைத்துக்கொண்டு மொரீசியஸில் அடுத்த கோயிலுக்குப் போய்விட்டார். உருவம் செய்ய நானும் வண்ணம் அடிக்க அண்ணனும் மிச்சம். இருவருக்கும் வைத்தீஸ்வரன்கோயிலில் ஒரே தெரு.

கோயில் தலைவர் சன்னாசி சாயங்காலம் வந்தார். முன்பு லாரி கம்பெனி வைத்திருந்தவர். துவாரபாலகர் உடம்பு, பேச்சில் குழந்தை, நடுநடுவே இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா'.

"கவலப்படாதீங்க லா. மனு போட்டாச்சு. மேல நம்ம ஆளு இருக்காரு. நீங்க வேலையப் பாருங்க."

எங்கள் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், இரண்டும் தன் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். யாருக்குப் பத்திரம் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 9

மனைவி செண்பகம் போன் செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள். ஆவணி இருபத்தாறு, அதாவது செப்டம்பர் பதினொன்று. மகள் மங்கையர்க்கரசிக்குக் கல்யாணம் என்பது எனக்கு இன்னும் மனதில் ஏறவில்லை. நான் கிளம்பும்போது அவள் தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆகஸ்ட் கடைசியிலயாவது வந்துடுவீங்கள்ல?"

"வந்துடுவேன்."

"பேப்பரெல்லாம் சரியா இருக்குல்ல?"

"எல்லாம் சரியா இருக்கு."

இன்று கோபுரத்தின் முதல் நிலையில் இரண்டு யாளி முடிந்தன.

ஜூன் 17

மழை. மதியத்துக்கு மேல் வேலை இல்லை. வேட்டி துவைத்தேன், காயவில்லை.

ஜூன் 28

நான் கோயில் மதிலைத் தாண்டுவதில்லை. அண்ணன் தாண்டுகிறார். கடைத்தெருவுக்குப் போகிறார், தே தாரிக் என்று இழுத்து ஆற்றிய டீ குடிக்கிறார், சீனன் கடையில் கடன் சொல்கிறார், மலாய்க்காரப் பெரியவரோடு கை குலுக்குகிறார். ஒரு வார்த்தை மலாய் தெரியாது. எப்படிப் பேசுகிறார் என்று கேட்டால், "சிரிச்சா போதும் தம்பி" என்கிறார்.

பிடித்துவிடுவார்கள் என்று பயமுறுத்திப் பார்த்தேன். "புடிச்சா ஊருக்குத்தானே அனுப்புவான்?" என்றார். நேராக ஊருக்கு அனுப்ப மாட்டார்கள். தடுப்பு முகாமில் போட்டு, வழக்கு நடத்தி, பிறகுதான் அனுப்புவார்கள். அது அவருக்கும் தெரியும்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வேதவல்லி அண்ணி மட்டும்தான். வாரம் ஒருமுறை போனில் பேசுவார்கள். அண்ணி ஊர்க்கதை முழுவதும் சொல்வார், இவர் "ம்" கொட்டுவார். வைத்தபிறகு எல்லாவற்றையும் என்னிடம் திருப்பிச் சொல்வார்.

ஜூலை 8

கோயில் செயலாளர் பூவரசி தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்து, "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்காமல் போகமாட்டாள். இன்று கையில் செய்தித்தாளோடு வந்தாள்.

பாஸ் முடிந்து தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆகஸ்ட் கடைசித் தேதிக்குள் தாமாகவே குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் அபராதம் கட்டினால் வழக்கு கிடையாதாம். முகாமும் கிடையாது. டிக்கெட்டைக் காட்டிவிட்டு ஊருக்குப் போகலாம்.

"நீங்க ரெண்டு பேரும் போயிடுங்கண்ணே. அதுக்கப்புறம் மாட்டினா ரொம்பக் கஷ்டம்."

"மனு போட்டிருக்கிறதா தலைவர் சொன்னாரே?"

அவள் செய்தித்தாளை மடித்தாள். "நான்தானே செயலாளர். மனுன்னு ஒண்ணு போட்டிருந்தா என் கையெழுத்து இல்லாம போயிருக்காது" என்றாள்.

ஜூலை 10

தலைவரிடம் கடப்பிதழ் கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டார்.

"பாதிக் கோபுரத்துல அம்மனை வுட்டுட்டுப் போறேங்கிறீங்களே. நம்ம ஆளு கிட்ட வாயால சொல்லி வச்சிருக்கேன் லா, அதும் மனு மாதிரிதான். கும்பாபிசேகம் முடியட்டும், நானே ஏர்போர்ட்ல கொண்டாந்து விடுறேன்."

பொய் சொல்கிற மனிதர் இல்லை. சொல்வது எல்லாம் நடந்துவிடும் என்று நிஜமாகவே நம்புகிறார். அதுதான் தொல்லை.

ஜூலை 21

எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் குடிநுழைவு அதிகாரிகளின் சோதனை. மதியம் இரண்டு வண்டிகள் வந்தன. நாங்கள் சாரத்தின் மேல் இருந்தோம். சுற்றிலும் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பதால் கீழே இருப்பவர்களுக்கு எங்களைத் தெரியாது. ஓட்டை வழியே நாங்கள் பார்க்கலாம்.

தேவகோட்டைப் பையன் என்று அண்ணன் சொல்லும் பரோட்டா மாஸ்டரைக் கைலியோடு ஏற்றினார்கள். கையில் மாவு ஒட்டியிருந்தது. அவனைக் கழுவ விட்டிருக்கலாம்.

பிறகு ஒரு அதிகாரி கோயில் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். அண்ணாந்து பார்த்தார். நான் நந்திக்குப் பின்னால் உட்கார்ந்து, மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் இருந்தேன். அவர் கைப்பேசியை எடுத்து, தார்ப்பாய்க்கு மேலே தெரிந்த கலச பீடத்தைப் படம் பிடித்தார். குருக்களிடம் ஏதோ கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வண்டிகள் போனபிறகும் இறங்கவில்லை. அண்ணன் அந்த நேரம் முழுதும் பூதகணத்துக்குப் பல் எழுதிக்கொண்டிருந்தார். "பாரு, கோடு நேரா வந்திருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 5

கும்பாபிஷேக நாள் உறுதி. செப்டம்பர் ஏழு, ஞாயிறு. யாகசாலை நான்காம் தேதி தொடங்கும்.

குருக்களிடம் போய்க் கேட்டேன். நடு நிலையில் நான் செய்திருக்கும் பெரிய அம்மனுக்கு முன்கூட்டியே கண் திறந்துவிடலாமா? ஆகஸ்ட் கடைசிக்குள் முடித்தால் நாங்கள் இருவருமே போய்விடலாம்.

"கூடாது" என்றார். யாகசாலை தொடங்கியபிறகுதான் கண். கண் திறந்தால் அவள் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். பூஜை இல்லாமல் ஒரு வேளைகூட நிற்க வைக்கக் கூடாது. எனக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் கேட்டேன்.

கண் திறப்பது உருவம் செய்தவன் வேலை. அவன் இல்லாவிட்டால் வண்ணக்காரர் எழுதலாமா என்றும் கேட்டேன். சும்மாதான் கேட்டேன். தோஷமில்லை என்றார்.

ஆகஸ்ட் 12

கோயில் நிர்வாகக் கூட்டம். எங்களையும் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்தார்கள்.

பூவரசி எழுந்து நின்று பேசினாள். "இவங்களை வச்சிருக்கிறதே தப்பு. கடப்பிதழை எடுத்து வச்சிருக்கிறது அதைவிடத் தப்பு. கோயில் பேரு கெட்டுப் போவும்." தலைவர் அவளைவிட உரக்கப் பேசினார். கண் இல்லாத அம்மனுக்கு எப்படிக் கும்பாபிஷேகம் செய்வது, இந்தியாவிலிருந்து இனி வேறு ஆள் எப்போது வருவது என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் நாங்கள் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒருவர் கடப்பிதழை வாங்கிக்கொண்டு இப்போதே போகலாம், ஒருவர் இருந்து கண் திறந்துவிட்டுப் போகவேண்டும். இருப்பவருக்காகச் சட்டமன்ற உறுப்பினரிடம் தலைவரே பேசி, அவரைப் பிடிக்காமல் இருக்கக் கடிதம் வாங்குவார். யார் போவது, யார் இருப்பது என்பதை நாங்களே பேசிக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 13

காலையில் சாரத்தில் ஏறும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்.

"நான் இருந்துக்கறேன்."

"கண்ணு நான்தாண்ணே திறக்கணும்."

"குருக்கள் என்கிட்டயும் சொன்னாரு, நான் எழுதினா தோஷமில்லையாம். நீ கேட்டியாமே."

அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே பேசினார். "உனக்குப் பொண்ணு கல்யாணம். எனக்கு என்னா அங்க முழுகிப் போவுது? தோ பாரு, இங்க மேடையில ஏத்தி மாலை போட்டு சால்வை போத்துவாங்களாம். இத்தனை வருசமா எத்தனை கோயிலுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கேன், ஒருத்தனாவது மைக்குல என் பேரைச் சொல்லியிருக்கானா? அதைப் பாக்காம நான் வரமாட்டேன்."

அவருக்கு அந்த மரியாதையில் ஆசை. அது உண்மை. மனிதருக்கு ஆசை இருக்கும்போது நான் குறுக்கே நிற்பது முறையில்லை. அதனால் சரி என்றேன்.

ஆகஸ்ட் 14

சாப்பிடவில்லை. மதியம் சாரத்தை விட்டு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 19

நாற்சந்தியில் பேனர் வைத்திருக்கிறார்கள்.

பூவரசி படம் எடுத்து வந்து காட்டினாள். ஒரு மூலையில் அம்மன், மறு மூலையில் சட்டமன்ற உறுப்பினர். நடுவில் ஆள் உயரத்துக்கு நானும் அண்ணனும். பொங்கலன்று எடுத்த படம், இருவரும் புதுச்சட்டையில் இருக்கிறோம். "தமிழகத்திலிருந்து வருகை தந்து நமது ராஜகோபுரத்துக்கு உயிர் கொடுத்த சிற்பக் கலைஞர்கள் தில்லைநாதன், கலியமூர்த்தி ஆகியோருக்குப் பாராட்டும் பொன்னாடையும்." அடியில் தேதியும் நேரமும் இடமும். இதே விளம்பரம் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளிலும் வருமாம்.

இரண்டு மாதமாக நான் மதிலைத் தாண்டவில்லை. என் முகம் நாற்சந்தியில் நின்று போகிற வருகிற போலீஸ் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தலைவரிடம் ஓடினேன். அவருக்குப் புரியவே இல்லை.

"கலைஞருக்கு மரியாதை செய்யிறது தப்பா? நம்ம ஊருல முதல் முதலா ஒரு சிற்பிக்குப் பேனர் வச்சிருக்கேன். உங்களை ஒளிச்சு வச்சு கும்பாபிசேகம் பண்ணச் சொல்றீங்களா? அம்மா மன்னிப்பாளா?"

"பாஸ் இல்லாத ஆளுங்கய்யா நாங்க."

"அதை யாரு பேனர்ல போட்டது?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

ஆகஸ்ட் 20

அண்ணன் பகலிலேயே நாற்சந்திக்குப் போய்ப் பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஊருக்கு அனுப்பியாகிவிட்டது. தெரு முழுக்கப் பார்த்துவிட்டார்களாம். செண்பகம் போன் செய்து, "மரியாதையை வாங்கிட்டே வாங்களேன், ஏழாந்தேதிதானே, கல்யாணம் பதினொண்ணுதானே" என்றாள்.

பாப்பா கல்யாணத்துக்கு ஆயிரம் வேலை இருக்கிறது, முன்னாலேயே வந்துவிடுகிறேன் என்றேன். "அப்பன்னா அப்பன்தான்" என்று சந்தோஷப்பட்டாள்.

ஆகஸ்ட் 22

அண்ணனுக்குக் கண் எழுதுவதைக் காட்டிக் கொடுத்தேன். வலது கண் முதலில். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. நேர் எதிரே நிற்கக் கூடாது, பக்கத்தில் நின்று, கண்ணாடியில் பார்த்துத்தான் எழுதவேண்டும். முதல் பார்வை கண்ணாடியில் விழவேண்டும். ஒரு ஓட்டில் எழுதிக் காட்டினார். என்னைவிட நன்றாக வருகிறது.

பேனரை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 26

பூவரசி பள்ளிக்கு விடுப்புப் போட்டு, தன் காரில் ஈப்போ நகரத்துக் குடிநுழைவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். வரிசை வெளியே தெருவரை நின்றது. வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியப் பெண்கள், கைக்குழந்தைகள். நம் ஆட்களும் நிறையப் பேர். யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கைரேகை எடுக்கும் இயந்திரத்தில் என் விரல் பதியவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தேன். அதிகாரி, சின்னப் பெண், தலையில் முக்காடு. என் விரலைத் திருப்பிப் பார்த்தாள். சுண்ணாம்பும் சிமெண்டும் ரேகையைத் தின்றுவிட்டிருந்தன. என்ன வேலை என்று கேட்டாள்.

"சாமி செய்யிறவர்" என்று பூவரசி மலாயில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கடைசியில் சுண்டுவிரல் மட்டும் பதிந்தது.

அபராதம் கட்டி, நாட்டை விட்டுப் போவதற்கான சீட்டு வாங்கினோம். இனிச் சில வருடங்களுக்கு இந்த நாட்டுக்கு வர முடியாது. திரும்பும்போது பூவரசி, "இன்னும் நாள் இருக்குண்ணே. கலியமூர்த்தி அண்ணனையும் கூட்டி வந்துடலாம். கண் இல்லாட்டி இல்லாம போவட்டும்" என்றாள்.

"அவரு வரமாட்டாரு. அவருக்கு அந்த மேடையில ஆசை" என்றேன்.

வழியெல்லாம் செம்பனை.

ஆகஸ்ட் 28

அண்ணன் விமான நிலையத்துக்கு வரவில்லை. கோயில் வாசலில் நின்றார். அண்ணிக்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார், உள்ளே சேலை. பாப்பாவுக்கு ஒரு கடிகாரம்.

"கல்யாணத்துல என் பேரைச் சொல்லி ரெண்டு ஜாங்கிரி கூடத் தின்னு."

நான் அவர் காலில் விழவில்லை. விழலாம் என்று தோன்றியது. தலைவர் காரை எடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 30

வீடு. பந்தக்கால் நட்டார்கள். எல்லோருக்கும் பேனர் கதையே வேண்டும்.

செப்டம்பர் 3

முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டார்கள். வேதவல்லி அண்ணி விடிந்தால் வந்துவிடுகிறார், இருட்டினால்தான் போகிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "அவரு ஏழாந்தேதி மரியாதை வாங்கிட்டு எட்டாந்தேதி கிளம்பிடுவாரு, கல்யாணத்துக்கு இருப்பாரு" என்கிறார்.

பூவரசிக்குச் செய்தி அனுப்பினேன். சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் வரவில்லையாம். தலைவர் வந்துவிடும் என்கிறாராம்.

செப்டம்பர் 7

கும்பாபிஷேகத்தைக் கோயில்காரர்கள் இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். அண்ணியிடம் பட்டன் போன்தான் உண்டு. அதனால் எங்கள் கூடத்தில் தொலைக்காட்சியில் போட்டோம். அண்ணி புதுச்சேலை கட்டி வந்திருந்தார், அண்ணன் கொடுத்தனுப்பிய சேலை. பலகாரம் சுடும் பெண்களும் எண்ணெய்க் கையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கலசத்தில் நீர் ஊற்றினார்கள். கோபுரத்தைக் காட்டினார்கள். அம்மனுக்குக் கண் இருந்தது. அண்ணன் நன்றாக எழுதியிருந்தார். அவள் பார்த்தாள்.

"இவரு எழுதினதா? உருவம் செய்தவங்கதானே தம்பி கண்ணு தொறப்பாங்க?" என்றார் அண்ணி.

"வண்ணக்காரரும் எழுதலாம் அண்ணி."

பிறகு மேடை. தலைவர் மைக்கில் முதலில் என் பெயரைச் சொல்லி, நான் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அடுத்து அண்ணன் பெயர். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். என் சால்வையையும் அவர் மேலேயே போர்த்தினார்கள். இரண்டு சால்வைக்குள் ஆள் சின்னதாகத் தெரிந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, சிரித்தார். எங்கள் கூடத்தில் கைதட்டினார்கள். செண்பகம் விசிலடிக்கத் தெரியாமல் விசிலடித்துப் பார்த்தாள்.

மேடைப் படியருகில் இரண்டு பேர் நின்றார்கள். செருப்பு இல்லாமல், கழுத்தில் அட்டையோடு. அண்ணன் இறங்கியதும் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தார்கள். ஒருவர் அவர் தோளில் கை வைத்தார். படம் சட்டென்று மேலே கோபுரத்துக்குப் போய்விட்டது.

"கூட நிக்கிறவங்க யாரு தம்பி?"

"கோயில் ஆளுங்க அண்ணி. சாப்பிடக் கூட்டிட்டுப் போறாங்க."

"மொதல் பந்தியாத்தான் இருக்கும்" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் காப்பி போடப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பூவரசி அழைத்தாள். அழுதிருந்தாள். குடிநுழைவு அதிகாரிகள் காலையிலேயே வந்துவிட்டார்களாம். ஒருவர் கையில் செய்தித்தாள் விளம்பரம் இருந்ததாம். தீர்த்தம் தெளித்து முடியும்வரை ஓரமாக நின்று காத்திருந்தார்களாம். தலைவர் ஓடிப்போய்ச் சட்டமன்ற உறுப்பினரின் கையைப் பிடித்தாராம், அவர் கையை எடுத்துக்கொண்டாராம். தலைவர் இன்னும் மேடைப் படியிலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

"அண்ணன் ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னாரு. கல்யாணம் முடியிற வரைக்கும் அவங்க வீட்டுல சொல்ல வேணாமாம்."

சமையல்கட்டில் அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 8

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். இன்னும் மூன்று நாள்தான். கல்யாணம் நல்லபடியாக முடிந்திருக்கும், அண்ணி ஆரத்தி எடுத்திருப்பார். எனக்கு முடியவில்லை. இன்று அவர் கிளம்பி வருகிறார் என்று அண்ணி வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்றே சொன்னேன். பாஸ் முடிந்தது, கடைசித் தேதி, ஒருவர் போக ஒருவர் இருக்க என்று முடிவானது, நேற்று மேடையருகில் நின்றவர்கள் யார் என்பது. எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஒரு இடத்திலும் விடாமல் சொன்னேனா என்று தெரியவில்லை.

அண்ணி அழவில்லை. கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எப்ப விடுவாங்க?"

"தெரியல அண்ணி. வழக்கு முடியணும்."

"அங்க சோறு போடுவாங்களா?"

"போடுவாங்க."

பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விளங்காததைக் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே தம்பி போனீங்க?"